கைராசி பார்த்த கம்பெனி

வியட்நாமின் ஹைஃபோங்குக்குள் அந்த ஆன்லைன் கடைக் கம்பெனி வந்தபோது அதற்குச் சீனப் பெயர் இல்லை. எல்லையைத் தாண்டும்போதே பழைய சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளூர்ச் சட்டை மாட்டிக்கொண்டுதான் வந்தது. பெயர் ஸோம்மாய். விடியற்காலை என்று அர்த்தம். "சீனச் சரக்கா? தூ!" என்று துப்பிவிட்டு, துப்பிய வாயைத் துடைத்துக்கொண்டே அதே சரக்கை வாங்குகிற ஊர் இது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

முதல் மாதம் செயலியின் முகப்பில் ஒரு பாண்டா கரடி உட்கார்ந்திருந்தது. ஒருவரும் சீண்டவில்லை. இரண்டாம் மாதம் கரடி காணாமல் போய், கூம்புத் தொப்பி போட்ட எருமைக்கன்று ஒன்று வந்து கண்ணடித்தது. நேரலையில் விற்க, சைகோன் பேச்சில் குழைகிற ஒரு பெண்ணைப் பிடித்து வைத்தார்கள். "இவ ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள என் சோறு ஆறிடும்" என்று ஊர் ஃபோனை மூடியது. மறு வாரமே தொண்டை கிழியக் கத்தும் ஹைஃபோங்காரி ஒருத்தி வந்து, "வாங்கினா வாங்கு, இல்லாட்டி வழியை விடு!" என்றாள். சரக்கு பறந்தது. காசை முன்னால் கட்டமாட்டோம் என்றார்கள் சனங்கள். வாசலில் கொடு போதும் என்றது கம்பெனி. பிரித்துப் பார்க்காமல் கொடுக்கமாட்டோம் என்றார்கள். பிரி என்றது. பிறைக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வீட்டில் படையல் வைப்போம் என்று தெரிந்ததும், அந்த இரண்டு நாளும் பழத்துக்கும் ஊதுபத்திக்கும் தள்ளுபடி.

கேட்டதையெல்லாம் கொடுக்கிறவனைப் பார்த்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும். மியேன் பயப்படவில்லை.

டோ தி மியேன் என்பது முழுப் பெயர். வயது நாற்பத்தாறு. டாம் பாக் ஆற்றங்கரைச் சந்தையில் துணிக் கடை. கடை என்றால் இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் ஹேங்கரில் தொங்க வேண்டிய அளவு இடம். விற்பது வீட்டு ஜோடி: மேலேயும் கீழேயும் ஒரே பூப்போட்ட மெல்லிய சட்டையும் கால்சட்டையும். இந்த ஊரில் பெண்கள் அதில்தான் சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார்கள், வங்கிக்குக்கூடப் போகிறார்கள்.

அப்பா படகில் மணல் ஏற்றியவர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மியேனையும், மியேன் பள்ளிக்கூடத்தையும் கைவிட்டார்கள். பதினெட்டு வயதில் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குள் வந்தவள், மூட்டையை இறக்கிய இடத்திலேயே இன்றுவரை நிற்கிறாள். அவள் குரலைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். பக்கத்து மீன் சந்தையில் ஒலிபெருக்கி கெட்டுப்போன அன்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். கணவன் குவாங் நின் மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், அங்கே நிலக்கரியோடு இன்னொரு குடும்பத்தையும் கண்டுபிடித்துக்கொண்டான். மியேன் அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. எதிர்க் கடை தொவாவுக்கு மட்டும் தெரியும்.

தொவா விற்பது பட்டன், ஜிப், எலாஸ்டிக். இரண்டு கடைக்கும் நடுவில் நாலு எட்டு. மியேனுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது நாற்பது நாள் இரண்டு கடையையும் தொவாவே பார்த்தாள். இங்கே அளவு சொல்லிக்கொண்டே அங்கே ஜிப் வெட்டுவாள். ஆஸ்பத்திரிக்கு நண்டு நூடுல்ஸ் கொண்டுவந்து, "ருசி எப்படி இருக்கோ பாத்திடறேன்" என்று பாதியைத் தானே தின்றுவிட்டு மீதியைக் கொடுப்பாள். மியேனுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று விரல் நீட்டிக் காட்ட அந்த ஒருத்திதான்.

தொவாவுக்குக் கைராசி உண்டு. அதைச் சந்தையே ஒத்துக்கொள்ளும். காலை ஆறரைக்கு வந்து மியேன் கடையில் ஒரு கைக்குட்டை வாங்குவாள், போணிக்கு. அன்று மதியத்துக்குள் பாதிக் கடை காலியாகும். பதினாலு வருஷம் மியேனின் முதல் போணி தொவாவின் கையால்தான். அவள் வீட்டில் இருக்கும் கைக்குட்டைகளை முடிச்சுப் போட்டால் ஆற்றின் அக்கரைக்குப் பாலம் கட்டலாம்.

போன மார்ச்சில் தொவாவின் கணவன் துறைமுகத்தில் பாரந்தூக்கியை விட்டு இறங்கி, ஒரு சிகரெட் பற்றவைத்து, அது பாதி எரிவதற்குள் சாய்ந்துவிட்டான். மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள். தொவா துக்கத்துக்குத் தலையில் வெள்ளைத் துணி கட்டினாள். பத்தாம் நாளே கடையைத் திறந்தாள். திறக்காமல் என்ன செய்வது?

இங்கேதான் மியேன் ஒரு திருட்டு வேலை செய்தாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் கையால் போணி வாங்குவது ஆகாது, நூறு நாள் போக வேண்டும் என்பது சந்தை வழக்கம். அதைத் தொவாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மியேனின் மீன் சந்தைக் குரலுக்கே தெம்பு இல்லை. அதனால் காரக் குச்சிரொட்டி விற்கும் கிழவர் ஹுவானைப் பிடித்தாள். அவர் தினமும் ஆறேகாலுக்கு வந்து ஒரு ஜோடி சாக்ஸ் வாங்குவார். அந்தக் காசுக்கு அவளே அவரிடம் ரொட்டி வாங்கித் தின்பாள். சாயந்திரம் போகும்போது சாக்ஸை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். அந்த ஒரே ஜோடி சாக்ஸ் நூறாம் நாள்வரை தினமும் விற்றது. ஆறரைக்குத் தொவா வருவாள். "போணி ஆயிடுச்சாடி?" "ஆயிடுச்சு, அந்தக் கிழம் சாக்ஸ் வாங்கிட்டுப் போச்சு." "அவனுக்கு எத்தனை காலு?" என்று சிரிப்பாள். அந்த நூறு நாளில் தொவா சிரித்தது பெரும்பாலும் அந்தச் சாக்ஸுக்குத்தான்.

நூற்றியோராம் நாள் மியேன் ஹுவானை வரவேண்டாம் என்றாள். ஆறரைக்குத் தொவா வந்தாள், கைக்குட்டை வாங்கினாள். எல்லாம் பழையபடி.

கம்பெனி ஆட்கள் மியேனைத் தேடி வந்தது இதற்கெல்லாம் நடுவில், மே மாதத்தில். ஸோம்மாயில் மியேனுக்கும் ஒரு கடை இருந்தது. காலையில் ஃபோனைக் குச்சியில் செருகி இரண்டாயிரம் பேர் பார்க்கக் கத்துவாள். அந்தக் கத்தலைப் பார்த்துத்தான் வந்தார்கள். ஹனோயிலிருந்து கான் வி என்று ஒரு பெண், கூடவே ஹாங்சோவிலிருந்து வந்த மேலாளர் லூ. லூ எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார், துணிப் பொம்மைக்கும் சேர்த்து. சிவப்புப் பெட்டியில் பச்சைப்பயறு மிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள், ஹனோய் மிட்டாய் இல்லை, பக்கத்து ஹைஸுவோங்கில் செய்தது. எங்கே எந்த மிட்டாயைக் கொடுத்தால் வாய் திறக்கும் என்பதுவரை படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

"அக்கா, காலையில முதல் வேலையா என்ன செய்வீங்க?" என்று கான் வி கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போவேன்."

கான் வி சிரித்தாள். லூவுக்கு அதைச் சீனத்தில் சொன்னாள். லூ சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

"கடையில அக்கா, கடையில."

"கடையிலயா? போணிதான். முதல் ஆள் யாருன்னு பார்ப்பேன். கை லேசான ஆளா இருந்தா நாள் பூரா ஓட்டம்தான். கனத்த கையா இருந்தா ஈ ஓட்டணும்."

"கனத்த கைன்னா யாரு?"

இங்கே மியேன் வாயை மூடியிருக்கலாம். மிட்டாய் இருந்தது, எதிரே சட்டை மடிப்புக் கலையாமல் குறிப்பெடுக்கும் மனிதர் இருந்தார், வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அவள் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்பில் அவள் எழுதியதைக்கூட யாரும் படிக்கவில்லை. அதனால் பேசினாள். கர்ப்பிணிகள், துக்கம் காக்கிறவர்கள், வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் என்று விரல் மடக்கினாள். துக்கம் என்றால் நூறு நாள் என்றும் சொன்னாள். "என் உயிர்த் தோழிக்கே நான் பார்க்கிறேன்னா பாரேன்" என்றுகூடச் சொன்னாள்.

"அப்படிப்பட்டவங்க காலையில வந்துட்டா எப்படி அனுப்புவீங்க அக்கா? மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியாதே?"

"அதுக்கெல்லாம் வாய் வேணும்டி. 'வெயில் ஏறினதும் வா செல்லம், அப்பத்தான் நல்ல டிசைன் இறங்கும்'னு சொல்வேன். சிரிச்சுக்கிட்டே போயிடுவாங்க. மனசு நோகாது."

கான் வி அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தாள். லூ எழுந்து மறுபடி குனிந்தார். போகும்போது முகத்துக்கு வெளிச்சம் அடிக்கும் வட்ட விளக்கு ஒன்றைப் பரிசாக வைத்துவிட்டுப் போனார்கள். மியேன் அன்று முழுவதும் அந்த வெளிச்சத்திலேயே வியாபாரம் பார்த்தாள், பகல் பன்னிரண்டு மணிக்கும்.

செப்டம்பரில் ஸோம்மாய் 'போணி நேரம்' என்ற ஒன்றை இறக்கியது. காலை ஆறிலிருந்து ஏழுவரை. எந்தக் கடையிலும் முதலில் வாங்குகிறவருக்குப் பாதி விலை, அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரமும் வியாபாரிகள் விலை. எருமைக்கன்று மணி அடிக்கும். "நம்ம வழக்கத்தை மதிக்கிற ஒரே கம்பெனி!" என்று பேருந்து நிறுத்தத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். விளம்பரத்தில் மியேனின் படம். பல் இரண்டு மடங்கு வெள்ளையாக்கப்பட்டிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே நின்று அவளே ஏழெட்டுத் தடவை பஸ்ஸைத் தவறவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. தொவா நாலு எட்டு நடந்து வந்தாள். கையில் கைக்குட்டைக் காசு இல்லை, ஃபோன் இருந்தது. பின்னால் நூல் கடைப் பெண் இன்னொரு ஃபோனோடு.

"மியேன், ஒரு விளையாட்டு காட்டட்டுமா?"

"என்னடி, காலங்காத்தால?"

"மணி ஆறு இருபது. இந்தா இவ ஃபோன். ஜிப் கடை திறந்திருக்கா?"

"திறந்திருக்கு."

"பட்டன் கடை? எலாஸ்டிக் கடை?"

"திறந்திருக்கு, அதுக்கென்ன இப்போ?"

"இந்தா என் ஃபோன். அதே கடைங்க."

தொவாவின் திரையில் எருமைக்கன்று உதட்டைக் குவித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. கீழே ரோஜா நிற எழுத்து: 'வெயில் ஏறினதும் வா செல்லம், அப்பத்தான் நல்ல டிசைன் இறங்கும்!'

மியேன் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"ஜிப்புக்கு என்னடி டிசைன்?" என்றாள் தொவா. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு வாரமா வியாபாரி விலைக்கு ஒரு முழம் எலாஸ்டிக் வாங்க முடியல. ஃபோன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கடைக்காரன்கிட்ட குடுத்துத் துடைச்சுக்கூட வாங்கினேன். அப்புறம் மூலைக் கடை கர்ப்பிணிப் பொண்ணும் இதே எருமை முத்தத்தைக் காட்டுறா. பிள்ளைத்துணி வாங்கினாளாம். நான் என்ன வாங்கினேன்னு யோசிச்சேன். மார்ச்சுல வெள்ளைத் துணி வாங்கினேன். செத்தவங்களுக்கு எரிக்கிற காகிதம் வாங்கினேன். இதே செயலியிலதான் வாங்கினேன், சீக்கிரம் வருதுன்னு."

"தொவா..."

"நான் இன்னும் முடிக்கல. இந்த வாசகம் யாருது? இருபது வருஷமா இந்தச் சந்துல இதை யார் சொல்லி நான் கேட்டிருக்கேன்? மத்தவங்களை நீ இப்படி அனுப்பும்போது நானும் இங்க நின்னு சிரிச்சிருக்கேன்."

மியேன் அந்த ஃபோனை அவளிடமே நீட்டினாள்.

"அவன் செத்ததுக்கு அழுது முடிச்சுட்டேன் மியேன். இப்ப ஜிப்புக்கும் அழணுமா?"

தொவா திரும்பிப் போனாள். நாலு எட்டுதான். அன்று அவள் தன் கடையின் பட்டன் அட்டைகளையெல்லாம் முன்பக்கமாக இழுத்து, வரிசையாக, முகம் தெரியாதபடி தொங்கவிட்டாள்.

மியேன் கடையைப் பூட்டவில்லை, ஹேங்கரை உள்ளே எடுக்கவில்லை, போட்டிருந்த வாழைப்பூ நிற ஜோடியோடு ஸ்கூட்டரை எடுத்தாள். கம்பெனி அலுவலகம் புதிய பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்பதாம் மாடி. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், சீனாவில் இருந்து வந்தவனும் இங்கே வந்து இந்த ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் கழற்றவில்லை.

"அக்கா! வாங்க, வாங்க! உங்க படம் எவ்வளவு நல்லா வந்திருக்கு பாத்தீங்களா?" என்று கான் வி ஓடிவந்தாள்.

"படத்தைக் கிழிச்சு அடுப்புல போடு. தொவாவைத் திற."

"யாரை?"

மியேன் சொன்னாள். கான் வி உட்கார்ந்தாள். மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகினாள், மறுபடி மூடினாள்.

"அது... நீங்க சொன்னதுதானே அக்கா. போணியில நல்ல கை வந்தா கடைக்காரங்களுக்கு நிம்மதி. கேட்டுப் பாருங்க, கடைக்காரங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. வியாபாரம் ஏறியிருக்கு."

"நூறு நாள்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நூறு நாள் ஜூலையிலயே முடிஞ்சுதே!"

"செத்த தேதி எங்ககிட்ட இருக்காது அக்கா. துணி வாங்கினது மட்டும்தான் தெரியும். அதனால நாள் கணக்கு வைக்க முடியல. அப்படியே விட்டுட்டோம்."

அப்படியே விட்டுட்டோம். ஒரு பெண்ணைச் சாகிறவரைக்கும் துக்கக்காரியாகவே நிறுத்திவைத்துவிட்டு, குழாயை மூட மறந்த மாதிரி சொல்கிறாள். இந்த வழக்கத்தை உண்டாக்கிய கிழட்டு முட்டாள்களுக்குக்கூட நூறாம் நாள் விருந்து வைத்து, போதும், எழுந்து வா என்று சொல்கிற அளவுக்கு மூளை இருந்தது.

லூ வந்தார். குனிந்தார். கான் வி வழியாகப் பேசினார். தன் தாத்தாவும் கடைக்காரர்தானாம், அவரும் முதல் ஆளைப் பார்ப்பாராம். பல நாடுகளில் கம்பெனிகள் உள்ளூர் வழக்கத்தை மிதித்துவிட்டுத்தான் வியாபாரம் செய்கின்றனவாம், இவர்கள் மட்டும் மதிக்கிறார்களாம். வருத்தம் தெரிவித்தார். அந்த அம்மாளின் கணக்கை மட்டும் இன்றே சரிசெய்துவிடலாம் என்றார்.

"அவளுது மட்டுமா?"

"உங்களுக்காக."

"மூலைக் கடை கர்ப்பிணி? ஊர்ல வெள்ளைத் துணி வாங்கின மத்தவங்க?"

லூ புன்னகைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"இந்தாடி, இதை அவருக்குச் சரியாச் சொல்லு" என்றாள் மியேன், கான் வியின் கையைப் பிடித்துக்கொண்டு. "நான் அவளைத் தள்ளி வெச்சேன். உண்மைதான். ஆனா அவளுக்குத் தெரியாம தள்ளி வெச்சேன். நூறு நாள் ஒரு கிழவனுக்கு ஒரே சாக்ஸை வித்து, அவ வர்றதுக்கு முன்னாடி போணியை முடிச்சு, அவ சிரிச்சுட்டுப் போறாளான்னு பார்த்துட்டுத்தான் நான் மூச்சு விட்டேன். அந்தப் பாதியை ஏன் நீங்க எழுதிக்கல? தள்றதை மட்டும் எழுதிக்கிட்டீங்க. ஒளிக்கிறதை எழுதிக்கலையே!"

கான் வி பாதிதான் மொழிபெயர்த்தாள், அதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அழுகிறவர்களால் முழுதாக மொழிபெயர்க்க முடியாது. லூ குறிப்பேட்டைத் திறந்தார். சாக்ஸ் என்று எழுதியிருப்பார். அடுத்த மாதம் செயலியில் அதற்கும் ஒரு பொத்தான் வரலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மியேன் ஃபோனைக் குச்சியில் செருகினாள். வட்ட விளக்கைப் போடவில்லை. மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். பூப்போட்ட ஜோடி எதையும் கையில் எடுக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. உங்க ஃபோன்ல எருமை முத்தம் குடுத்து 'வெயில் ஏறினதும் வா'ன்னு சொல்லுதுன்னா, கடை திறக்கலைன்னு அர்த்தம் இல்ல. உங்க கை கனம்னு கம்பெனி முத்திரை குத்தியிருக்கு. நீங்க வெள்ளைத் துணி வாங்கியிருப்பீங்க. இல்ல பிள்ளைத்துணி வாங்கியிருப்பீங்க. பக்கத்து வீட்டு ஃபோனை வாங்கி வெச்சுப் பாருங்க, தெரியும். அந்த வாசகம் என்னுது. நான்தான் சொல்லிக் குடுத்தேன், ஒரு டப்பா மிட்டாய்க்கு..."

திரையில் கேள்விகள் குவிந்தன. 'என் ஃபோனிலும் அப்படித்தான்.' 'என் அம்மாவுக்கும்.' 'பச்சை டிசைன் எவ்வளவு?' மியேன் விடவில்லை. தொவாவின் பெயரைச் சொல்லாமல், ஒரு தோழி என்று சொல்லி, நூறு நாளையும் சாக்ஸையும் கிழவனையும் கொட்டினாள். அவளுடைய குரலில் சொன்னாள். அந்தக் குரல் ஃபோனுக்குள் மட்டும் போகிற குரலா? ஆறாவது நிமிடம் திரை கறுத்தது. சமூக ஒழுங்கைப் பாதிக்கும் பேச்சு என்று ஒரு வரி. பிறகு கடையே காணாமல் போனது. இரண்டு வருஷத்து வாடிக்கையாளர்கள், படங்கள், நட்சத்திரங்கள், எல்லாம் துடைத்த பலகை.

அவள் தலைநிமிர்ந்தபோது பட்டன் அட்டைகளுக்கு நடுவில் தொவாவின் முகம் தெரிந்தது.

"சாக்ஸா?" என்றாள் தொவா.

மியேன் ஃபோனைக் குச்சியிலிருந்து கழற்றினாள்.

"நூறு நாளும் அந்தக் கிழவனைப் பார்த்து நான் சிரிச்சேனே. எனக்காகத்தான் அவனை நிக்க வெச்சிருந்தியா?"

"உனக்கு நோகக்கூடாதுன்னுதான்டி..."

"நோகக்கூடாதுன்னா என் கையால போணி வாங்கியிருக்கணும்!" இப்போது குரல் ஏறியது. சந்தை திரும்பிப் பார்த்தது. "பதினாலு வருஷம் இந்தக் கையைக் கும்பிட்டு வாங்கினவ நீ. அவன் மூச்சு நின்னதும் இந்தக் கை அழுகிப்போச்சா? கம்பெனிக்காரன் யாரு, எங்கிருந்தோ வந்த எருமை. அவன் நம்பல, யாவாரத்துக்குப் பண்றான். நீ நம்பினியேடி! சொல்லு, நம்பினியா இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். மூவாயிரம் பேரிடம் உண்மை சொல்லிவிட்டு வந்த வாய், நாலு எட்டு தூரத்தில் நின்றவளிடம் பொய்க்கு வளையவில்லை.

"நம்பினேன்" என்றாள் மியேன்.

தொவா ஒரு அட்டை பட்டனைப் பிடுங்கி எறிந்தாள். அது மியேனின் மார்பில் பட்டு விழுந்தது. அறுபது வெள்ளைப் பட்டன். மியேன் குனிந்து பொறுக்கி, அட்டையில் திரும்பச் செருகி, அவள் கடை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். தொவா பார்க்கவில்லை.

கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் ஊர் திட்டியது, ஐந்தாம் நாள் இலவச டெலிவரி வந்தது. கனத்த கைகளைத் தள்ளிவைக்கிற பொத்தான் செயலியில் அப்படியே இருக்கிறது. வாசகத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்போது அந்தக் கன்று வேறு யாருடைய வாயிலிருந்தோ பிடுங்கிய வேறு ஒரு இனிப்பான பொய்யைச் சொல்கிறது. தொவாவின் கணக்கைத் திறந்துவிட்டதாகக் கான் வி செய்தி அனுப்பினாள். தொவா செயலியையே அழித்துவிட்டு, எலாஸ்டிக் வாங்க நாம் தின் என்கிற ஊர் வரைக்கும் பஸ்ஸில் போகிறாள்.

ஆனால் ஒரு வாரம் கழித்து, காலை ஆறேகாலுக்கு, மியேன் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது தொவா வாசலில் நின்றாள். தலையில் வெள்ளைத் துணி. வீட்டில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்த நீலத்தைக் காட்டு."

மியேன் காட்டினாள்.

"என்ன பூ இது?"

"தாமரை."

"முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு. எவ்வளவு?"

"நூத்தி எண்பதாயிரம் டாங்."

"அறுபது."

"அசலே நூத்தி இருபது, தொவா."

"அப்ப மஞ்சளைக் காட்டு."

இருபது நிமிடம். பதினொரு ஜோடியைப் பிரிக்கவைத்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள், இடுப்பு எலாஸ்டிக்கைச் சுண்டி, "என் கடைச் சரக்கு இல்ல இது" என்றாள். கடைசியில் ஒன்றும் வாங்காமல் போனாள். ஒரு வியாபாரியின் காலையை நாசம் செய்ய இதைவிடப் பெரிய சாபம் எந்த ஊரிலும் கிடையாது. மற்றவர்களாக இருந்தால் அவள் முதுகு மறைந்ததும் தோஷம் போகக் காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றியிருப்பார்கள். மியேன் பதினொரு ஜோடியையும் மடித்து வைத்தாள். அன்று மாலைவரை உண்மையிலேயே ஒன்றும் விற்கவில்லை. அவளுக்கு நம்பிக்கை இருக்கிறதே, என்ன செய்வது.

மறுநாளும் தொவா வந்தாள். அதற்கு மறுநாளும். அறுபது என்பாள், வாங்கமாட்டாள், போவாள். வேறொரு பேச்சு இல்லை. சந்தை பந்தயம் கட்ட ஆரம்பித்தது. மியேன் எப்போது பொறுமை இழப்பாள் என்று ஐஸ் கடையில் ஒரு பட்டியலே ஓடியது.

பதினேழாம் நாள் ஷூ தொழிற்சாலைப் பெண் ஒருத்தி, ஷிஃப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் தொவாவுக்கு முன்னால் புகுந்தாள். கையில் பணத்தை விசிறி மாதிரி பிடித்திருந்தாள். "அக்கா, அந்தச் சிவப்பு ரெண்டு குடுங்க. பேரம் பேசல. நேரமாச்சு."

பேரம் பேசாத, வாலிப, சிரித்த முகம், முழு விலை, இரண்டு ஜோடி. இப்படி ஒரு போணிக்கு வியாபாரிகள் கோயிலில் விழுந்து கும்பிடுவார்கள். ஐஸ் கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"கொஞ்சம் நில்லு தங்கச்சி" என்றாள் மியேன். "முன்னாடி ஆள் இருக்கு."

அந்தப் பெண் திரும்பி வெள்ளைத் துணி கட்டிய தலையைப் பார்த்தாள். புரிந்துகொண்டு, பணத்தை மடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

தொவா அவசரப்படவில்லை. கடை முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அந்தப் பச்சையை எடு" என்றாள். "அது இல்ல, அதுக்குக் கீழ இருக்கிறது. இல்லடி குருடி, அதுக்கும் கீழ."

மியேன் முழங்காலிட்டு, அடுக்கின் அடியில் கையை விட்டு இழுத்தாள்.